ஐயமும் முன்முடிவும்: யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் சமயத் தலைமையின் விசாரணை – மயிலைத் தோமா மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம், பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவர் பார்வை பெற்றதையும் அதுகுறித்துப் பரிசேயர் நடத்திய விசாரணையையும் விவரிக்கிறது. தமிழ்ச் சூழலில் இப்பகுதி பெரும்பாலும் நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் இடையிலான மோதலாகவே வாசிக்கப்படுகிறது. பரிசேயரின் பிழை அவர்கள் ஐயுற்றதிலோ விசாரித்ததிலோ இல்லை. விசாரணை முடியுமுன் முடிவை வகுத்துக்கொண்டு சாட்சியை வெளியேற்றியதிலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இதற்குத் தமிழ் அளவை மரபின் கருத்தாக்கங்களும், இரு தமிழ் மொழிபெயர்ப்புகளின் சொல்லாட்சியும், மயிலாப்பூரோடு தொடர்புடைய தோமாவின் ஐயமும் பயன்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குணமளித்தல், பரிசேயர், ஐயம், அளவை, தோமா, மயிலாப்பூர், அரும் அடையாளம்.

முன்னுரை

சென்னையின் தென்பகுதியில் நோய் தீர்தல் பற்றிய சமயக் கதையாடல்கள் பல நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்து வருகின்றன. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில், அரவு தீண்டி இறந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்ததாகக் கூறும் பெரியபுராண வரலாற்றோடு இணைந்தது. அதற்குச் சற்றுத் தொலைவில், திருத்தூதர் தோமாவின் கல்லறைமேல் எழுந்ததாகப் போற்றப்படும் சாந்தோம் பேராலயம் உள்ளது. தோமா இறந்த இடத்து மண்ணை யாத்திரிகர் எடுத்துச்சென்று காய்ச்சலுற்றோர்க்குக் கொடுத்து நலம்பெறச் செய்ததாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னகம் வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அவர் குறிப்பிடும் சிற்றூரை ஆய்வாளர்கள் மயிலாப்பூராக அடையாளம் காண்கின்றனர். இன்றும் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்திற்கு நோய் தீர வேண்டியும், தீர்ந்தமைக்கு நன்றி கூறவும் பல சமயத்தார் வருகின்றனர்.

இத்தகைய சூழலில், நலம்பெற்றதாக ஒருவர் கூறும்போது அதைக் கேள்விக்கு உட்படுத்துவோர் எளிதில் ‘பரிசேயர்’ ஆக்கப்படுகின்றனர். தமிழ்க் கிறித்தவர் பேச்சுவழக்கில் அச்சொல் வேடதாரி என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் வரும் கடிந்துரைகள் அதற்கு அடிப்படை. ஆனால், வேடதாரியைக் குறிக்கும் அக்கிரேக்கச் சொல் யோவான் நற்செய்தியில் ஓரிடத்திலும் இல்லை. எனவே, மத்தேயுவின் கடிந்துரையை யோவானின் விசாரணைக் காட்சிக்குள் ஏற்றி வாசிப்பது பொருந்துமா என்னும் வினா எழுகிறது. நலம்பெற்றதாகக் கூறப்படும் செய்தியைச் சோதிப்பதே குற்றமெனக் கருதப்பட்டால், சோதிக்கப்படாத கூற்றுகளுக்கு நோயாளர் ஆளாக நேரிடும். ஒரு சமயக் குழு முழுவதையும் தீயோராகச் சித்திரிக்கும் போக்கும் அவ்வாசிப்பால் வலுப்பெறும். இவ்விரு காரணங்களாலும் இவ்வினா ஆராயத்தக்கதாகிறது.

1. ஐயத்தின் சட்டப் பின்னணி

பரிசேயரின் ஐயம் திடீரெனத் தோன்றியதன்று. அவர்களுடைய திருச்சட்டத்திலேயே அதற்கு வேர் உண்டு. இணைச்சட்ட நூலின் 13ஆம் அதிகாரம், ஓர் இறைவாக்கினர் அறிவித்த அடையாளம் உண்மையாகவே நிகழ்ந்தாலும், அவர் மக்களை வேற்றுத் தெய்வங்களிடம் அழைத்துச் செல்வாராயின் அவருக்குச் செவிகொடுக்கலாகாது என விதிக்கிறது. அஃதாவது, அடையாளம் நிகழ்ந்தமை மட்டும் அதைச் செய்தவரின் தகுதியை நிறுவிவிடாது. நிகழ்வு உண்மையா என்பது ஒரு வினா. அது எங்கிருந்து வந்தது என்பது மற்றொரு வினா. திருச்சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்துள்ளது.

நலம்பெற்றதைச் சமயத் தலைமை சரிபார்ப்பதும் அம்மரபில் ஏற்கப்பட்ட கடமையே. லேவியர் நூலின் 13, 14ஆம் அதிகாரங்கள் தோல்நோய் நீங்கியதைக் குருக்கள் ஆய்ந்தறிய வேண்டிய முறையை விரிவாக வகுக்கின்றன. மாற்கு 1:44இல், தாம் நலமாக்கிய தொழுநோயாளரை இயேசுவே குருவிடம் சென்று காட்டுமாறு அனுப்புகிறார். ஆகவே, நற்செய்திகள் சமயத் தலைமையின் சரிபார்ப்பை முற்றாக மறுக்கவில்லை.

ஓய்வுநாள் பற்றிய எதிர்ப்பும் இவ்வகையில் நோக்கத்தக்கது. ஏறத்தாழக் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஓய்வுநாளில் தவிர்க்கவேண்டிய 39 வகை வேலைகளைப் பட்டியலிடுகிறது. பிசைதல் அவற்றுள் ஒன்று. உயிருக்கு ஆபத்து நேரும்போது ஓய்வுநாள் விதி தளரும் என்பதையும் அந்நூல் ஏற்கிறது. யோவான் 9இல் இயேசு உமிழ்நீரால் சேறு உண்டாக்குகிறார். பிறவிப் பார்வையின்மையோ அன்றே தீர்க்கப்படாவிடில் உயிர்போகும் நிலையன்று. மிஷ்னாவின் தொகுப்பு பிற்காலத்தது என்பதால் அதன் ஒவ்வொரு விதியையும் இயேசுவின் காலத்திற்கு அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும், எதிர்ப்பு வெறும் பொறாமையால் எழுந்ததன்று, ஒரு சட்டக் கேள்வியாகவே எழுந்தது என்பதை அது உணர்த்துகிறது. லூக்கா 13:10-17இல் வரும் தொழுகைக்கூடத் தலைவரின் எதிர்ப்பும் இத்தகையதே. வேலை செய்ய ஆறு நாள்கள் இருக்க, ஓய்வுநாளில் ஏன் நலம்பெற வரவேண்டும் என்பதே அவர் வாதம். நலம்பெற்றதை அவர் மறுக்கவில்லை.

2. விசாரணையின் அமைப்பு

யோவான் 9ஆம் அதிகாரம் 41 வசனங்களைக் கொண்டது. குணமளித்தல் முதல் ஏழு வசனங்களில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய 34 வசனங்களும் அதைப் பற்றிய உரையாடலும் விசாரணையுமே ஆகும். நற்செய்தியாளரின் கவனம் நிகழ்வைவிட, அது எவ்வாறு அறியப்படுகிறது, எவ்வாறு மறுக்கப்படுகிறது என்பதிலேயே நிலைகொண்டுள்ளது என்பதை இவ்வளவே காட்டும்.

விசாரணை நான்கு படிகளாக நகர்கிறது. முதலில் அண்டை அயலார் பேசிக்கொள்கின்றனர் (9:8-12). இரண்டாவதாகப் பரிசேயர் நலம்பெற்றவரை விசாரிக்கின்றனர். அவர்களிடையே பிளவு உண்டாகிறது (9:13-17). மூன்றாவதாகப் பெற்றோர் அழைக்கப்படுகின்றனர் (9:18-23). நான்காவதாக நலம்பெற்றவர் மீண்டும் அழைக்கப்பட்டு, இறுதியில் வெளியே தள்ளப்படுகிறார் (9:24-34). பரிசேயர் ஒரே குரலில் பேசவில்லை என்பது இங்கு முதன்மையானது. அவர்களுள் ஒரு சாரார் இயேசுவுக்குச் சார்பான வினாவை எழுப்புகின்றனர். பிற்கால வாசிப்புகளில் மறைந்துபோவது இப்பிளவேயாகும்.

3. அளவை மரபின் வழி வாசித்தல்

தமிழ்த் தருக்க மரபு அறிவு பெறும் வழிகளை ‘அளவை’ என வழங்கும். மணிமேகலையின் ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ அளவைகளைப் பத்தாக விரிக்கிறது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்குவார். யூதச் சட்ட மரபு இவ்வளவைகளைக் கொண்டு இயங்கியதென்பது இங்குக் கருத்தன்று. அவ்விசாரணையின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காண இவை நமக்குப் பயன்படும் கருவிகள் என்பதே கருத்து.

அண்டை அயலாரிடம் தோன்றுவது ஐயக்காட்சி. இவர் அவரே என்பார் சிலர். அவரைப் போன்ற வேறொருவர் என்பார் சிலர். இருளில் நிற்பது ‘குற்றியோ மகனோ’ என ஐயுறுவதைத் தமிழ் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவது இந்நிலைக்கே. இவ்வகை ஐயம் குற்றமுடையதன்று. அது தெளிவை நாடிச் செல்லும். நலம்பெற்றவர் தாமே அவர் எனக் கூறியதும் அண்டை அயலார் அடுத்த வினாவிற்குச் செல்கின்றனர்.

பரிசேயரிடம் நிகழ்வது வேறு. அவர்கள் இரண்டு கருதல்களை முன்வைக்கின்றனர் (9:16). கடவுளிடமிருந்து வருபவர் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பார், இவர் கடைப்பிடிக்கவில்லை, எனவே இவர் கடவுளிடமிருந்து வந்தவரல்லர் என்பது ஒன்று. பாவி ஒருவர் இத்தகைய செயலைச் செய்ய இயலாது, இவர் செய்திருக்கிறார், எனவே இவர் பாவியாக இருக்க முடியாது என்பது மற்றொன்று. இரண்டும் வடிவில் முறையானவையே. ஆனால் இரண்டிலும் ஐயத்திற்கு இடமுண்டு. முதலாவது, சேறு உண்டாக்கியதை ஓய்வுநாள் மீறலாகக் கொள்ளும் விளக்கத்தின்மேல் நிற்கிறது. இரண்டாவது, பொய் இறைவாக்கினராலும் அடையாளம் நிகழக்கூடும் எனும் இணைச்சட்ட விதியோடு முரண்படுகிறது. உண்மையான விவாதம் தொடங்கவேண்டிய இடம் இதுவே.

அங்கு விவாதம் தொடங்கவில்லை. 9:18இல் அவர்கள் பின்னோக்கிச் சென்று, அவர் பார்வையற்றிருந்தார் என்பதையே நம்ப மறுக்கின்றனர். கருதலில் எழுந்த முரணைத் தீர்க்க இயலாதபோது காண்டலையே நீக்கிவிட முயல்கின்றனர். நிகழ்வைப் பற்றிய இந்த ஐயம் சான்றின் குறையால் எழவில்லை. ஏற்க விரும்பாத முடிவைத் தவிர்க்கவே எழுந்தது. ஐயம் முன்முடிவாகத் திரியும் இடம் இதுவே எனலாம்.

பெற்றோரின் உரை இவ்வழியையும் அடைத்துவிடுகிறது. இவர் எங்கள் மகன், இவர் பிறவியிலேயே பார்வையற்றவர் என்னும் இரண்டையும் அவர்கள் உறுதி செய்கின்றனர். எவ்வாறு பார்வை பெற்றார், யார் அளித்தார் என்பவற்றை மட்டும் அச்சத்தால் தவிர்க்கின்றனர். இயேசுவை மெசியா என ஏற்போர் தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவர் என்னும் அச்சத்தை நற்செய்தியாளர் அங்குக் குறிப்பிடுகிறார் (9:22). இவ்விலக்கம் இயேசுவின் காலத்து நடைமுறையைவிட, முதல் நூற்றாண்டின் இறுதியில் யோவான் சமூகம் பட்ட அனுபவத்தைப் பிரதிபலிக்கிறது என ஜே. லூயிஸ் மார்ட்டின் 1968இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அக்கருதுகோளின் விவரங்கள் பின்னர்க் கேள்விக்குள்ளாயின. ஆயினும், காட்சியில் ஒரு சமூகத்தின் பிரிவுத்துயர் படிந்துள்ளது என்பதைப் பலரும் ஏற்கின்றனர். அத்துயரை மறந்து, விசாரிப்போரை ஓர் இனத்தின் நிலையான வடிவமாகக் கொள்ளுதல் வரலாற்றுக்கும் அறத்துக்கும் பொருந்தாது.

இரண்டாம் விசாரணையின் தொடக்கத்திலேயே தீர்ப்பு அறிவிக்கப்படுகிறது: இயேசு பாவி என்பது தங்களுக்குத் தெரியும் என்கின்றனர் (9:24). சாட்சி சொல்லவேண்டிய விடையை விசாரிப்போரே முன்கூட்டிக் கூறிவிடுகின்றனர். நலம்பெற்றவரோ தாம் அறியாததை அறிந்ததாகக் கூறுவதில்லை. இயேசு பாவியா என்பது தமக்குத் தெரியாது. பார்வையற்றிருந்த தாம் இப்போது காண்பது தெரியும் என்னும் அளவோடு நிற்கிறார் (9:25). பின்னர், வற்புறுத்தப்பட்ட நிலையிலேயே, காண்டலை அடிப்படையாகக் கொண்ட கருதலை முன்வைக்கிறார் (9:31-33). பிச்சையெடுத்து வாழ்ந்த அவர், அவையிலுள்ள அனைவரையும்விட அளவையின் எல்லையை நன்கு பேணுகிறார்.

அவர் வாதத்திற்கு மறுவாதம் வரவில்லை. அவர் பிறப்பைப் பற்றிய பழிச்சொல்லே வருகிறது (9:34). முழுதும் பாவத்தில் பிறந்தவர் என அவரை இகழும்போது, அவர் பார்வையின்றிப் பிறந்தார் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டதாகிறது. 9:18இல் நம்ப மறுத்ததையே 9:34இல் பழிப்பதற்குக் காரணமாக்குகின்றனர். அவ்விகழ்ச்சியின் அடிக்கருத்து, அதிகாரத் தொடக்கத்தில் சீடர்கள் எழுப்பிய வினாவிலும் உள்ளது: இவர் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம்? (9:2). இயேசு அக்கருத்தை உடனே மறுத்துவிடுகிறார். முன்வினைக் கொள்கையோடு பழகிய தமிழ் வாசகர், உடற்குறையைக் குற்றத்தின் சான்றாகக் கொள்ளும் பார்வை சீடரிடமும் பரிசேயரிடமும் ஒருங்கே இருப்பதைக் கவனித்தல் வேண்டும்.

4. மொழிபெயர்ப்புச் சொற்களின் பங்கு

யோவான் நற்செய்தி இயேசுவின் செயல்களைக் குறிக்க ‘செமெய்யோன்’ என்னும் கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறது. அதன் பொருள் அடையாளம், குறி என்பதாகும். 1871இல் வெளிவந்து சீர்திருத்தத் திருச்சபையாரிடையே நிலைபெற்ற பழைய மொழிபெயர்ப்பு, 2:11, 9:16, 20:30 ஆகிய இடங்களில் இச்சொல்லை ‘அற்புதம்’ எனத் தருகிறது. ஆனால் தலைவர்கள் அதையே கேட்கும் 2:18இல் ‘அடையாளம்’ எனத் தருகிறது. இதனால், இயேசு செய்வது அற்புதம், தலைவர்கள் கேட்பது அடையாளம் என இரண்டு வேறு பொருள்கள் போலத் தமிழ் வாசகர்க்குத் தோன்றுகின்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, இயேசுவின் செயலை ‘அரும் அடையாளம்’ என்று குறித்து மூலத்திற்கு நெருங்கி வருகிறது. கத்தோலிக்கர் வழக்கிலுள்ள ‘புதுமை’ என்னும் சொல்லோ செயலின் வியப்பையே முன்னிறுத்துகிறது.

இவ்வேறுபாடு பொருள்கோளைப் பாதிக்கிறது. அற்புதத்தைக் கண்டபின் எழும் வினா, ‘நடந்ததா, இல்லையா’ என்பது. அடையாளத்தைக் கண்டபின் எழும் வினா, ‘இது எதைச் சுட்டுகிறது’ என்பது. இரண்டாவது வினா விளக்கத்தை வேண்டுவது. அங்கே கருத்து வேறுபாடு இயல்பானது. ‘அற்புதம்’ என மட்டும் வாசிப்போர்க்கு, 9:16இல் எழும் பிளவு பொருள் விளக்கத்தின் பிளவாகத் தோன்றாமல், கண்கூடான உண்மையை மறுக்கும் பிடிவாதமாகவே தோன்றும்.

5. தோமாவின் ஐயம்

மயிலாப்பூர் மரபு இவ்விடத்தில் துணைசெய்கிறது. சாந்தோமில் நினைவுகூரப்படும் தோமா, அதே யோவான் நற்செய்தியில் ஐயத்தோடு பிணைக்கப்பட்டவர் (20:24-29). நற்செய்தியாளர் 9:18இல் விசாரிப்போர் குறித்தும், 20:25இல் தோமா குறித்தும் நம்பாமையைச் சுட்ட ஒரே வினைச்சொல்லையே ஆள்கிறார். 20:27இல் தோமாவுக்குக் கூறப்படும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு ‘அவிசுவாசி’ எனவும், பொது மொழிபெயர்ப்பு ‘ஐயம்’ எனவும் தருகின்றன. மூலச்சொல்லின் நேர்ப்பொருள் நம்பிக்கையற்றவர் என்பதே. பின்னைய மொழிபெயர்ப்பின் தேர்வு தோமாவிடம் சற்றுக் கனிவு காட்டுகிறது. விசாரிப்போர்க்கு அக்கனிவு கிட்டவில்லை.

சொல் ஒன்றாக இருக்க, வேறுபாடு எங்கே உள்ளது? தோமா தமக்கு எத்தகைய சான்று போதுமானது என்பதை வெளிப்படையாகக் கூறுகிறார். ஆணித் தழும்பையும் விலாக் காயத்தையும் தொட்டறிய வேண்டும் என்கிறார். தம்மோடு உடன்படாத சீடர் குழுவை விட்டு விலகவில்லை. எட்டு நாள்களுக்குப் பின்னும் அவர்களோடு இருக்கிறார். சீடர்களும் அவரைத் தள்ளிவைக்கவில்லை. கேட்ட காண்டல் வாய்த்ததும் அவர் தம் நிலையை மாற்றிக்கொள்கிறார். ஒன்பதாம் அதிகாரத்து விசாரிப்போரோ எந்தச் சான்று கிடைத்தால் ஏற்போம் எனக் கூறுவதில்லை. கிடைத்த சான்று ஒவ்வொன்றையும் வேறொரு வினாவால் கடந்துசெல்கின்றனர். இறுதியில் சான்றாளரையே வெளியேற்றுகின்றனர். காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என்னும் கருத்தோடு தோமாவின் காட்சி முடிவதால், நற்செய்தி காண்டலை முழுநிறைவான வழியாகக் கொள்ளவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் காண விழைந்தவர் கண்டிக்கப்பட்டு நீக்கப்படவில்லை; அவர் வாயிலிருந்தே அந்நற்செய்தியின் உச்சமான அறிக்கை பிறக்கிறது.

6. தமிழ்நிலத்து ஒப்புமைகள்

நோய் தீர்த்தலைச் சமயத் தலைவர்கள் எதிர்கொண்ட நிகழ்வுகள் தமிழ் இலக்கியத்திலும் வரலாற்றிலும் உள்ளன. பெரியபுராணத்தில், வெப்புநோயுற்ற பாண்டியனின் உடலில் இடப்பக்கத்தைச் சமணர் குணப்படுத்த முயல்வர். வலப்பக்கத்தைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் குணப்படுத்துவார். ஓருடலையே இரு கூறாக்கி ஒப்பிட்டறியும் முறை அது. அங்கு நோய் தீர்த்தல் இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்ட போட்டி. தொடர்ந்து வரும் அனல்வாதமும் புனல்வாதமும் அப்படியே. முடிவில் வென்றோரும் தோற்றோரும் உளர். யோவான் 9இல் பரிசேயர் எதையும் குணப்படுத்த முயல்வதில்லை. அது வாதப்போரன்று, விசாரணை. வாதப்போரின் வாய்பாட்டை விசாரணைக் காட்சியில் பொருத்தினால், விசாரிப்போர் தோற்ற எதிரிகளாக மட்டுமே தென்படுவர்.

இரண்டாவது நிகழ்வு வரலாற்றுக் காலத்தது. மறவர் சீமையில் நோயுற்றிருந்த தடியத்தேவர், உபதேசியார் ஒருவரின் மன்றாட்டால் நலம்பெற்றதாக இயேசு சபையினரின் குறிப்புகள் கூறும். பின்னர் அவர் அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோவிடம் திருமுழுக்குப் பெற்று, மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் முறையிட்டதன் தொடர்ச்சியாக அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். இங்கும் நோய் தீர்ந்ததா என்பது வழக்காகவில்லை. அதன் விளைவாக உறவுமுறையும் அதிகாரமும் குலைந்ததே வழக்காயிற்று. நலம்பெறுதலைத் தலைமை அஞ்சும்போது, அச்சம் பெரும்பாலும் நிகழ்வைப் பற்றியதன்று, அதன் பின்விளைவைப் பற்றியது என்பதற்கு இது தக்க சான்று. திருத்தூதர் பணி 4:14-16இலும் இதுவே காணப்படுகிறது: நலம்பெற்றவர் எதிரே நிற்க, நிகழ்வை மறுக்க இயலாத தலைமைச் சங்கம், செய்தி பரவாமல் தடுக்கும் வழியையே தேடுகிறது.

அருளானந்தரைப் புனிதராக்கும் வழக்கில், அவர் பின்பற்றிய உள்ளூர்ச் சடங்குகள் தடையாகா என 1741இல் அறிவித்தவர் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட். அவர் லம்பர்த்தீனி என்னும் இயற்பெயரில், புனிதராக்கும் நடைமுறை பற்றிய பெருநூலை முன்னரே எழுதியிருந்தார். நோய் கடுமையானதாக இருத்தல், மருந்தால் தீராதிருத்தல், நலம் திடீரெனவும் முழுமையாகவும் கிட்டுதல், நோய் திரும்பாதிருத்தல் முதலிய அளவுகோல்களை அதில் வகுத்தார். நலமளித்தலைப் போற்றும் திருச்சபையே அதைக் கடுமையாக ஐயுறும் முறையையும் தனக்கு விதித்துக்கொண்டது. விசாரணை நம்பிக்கைக்குப் பகையன்று என்பதைத் திருச்சபையின் நடைமுறையே ஏற்றுக்கொண்டுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. குணமளித்தல் குறித்த சமயத் தலைமையின் ஐயத்திற்குத் திருச்சட்டத்திலேயே அடிப்படை உண்டு. சரிபார்த்தல் அம்மரபில் கடமையாகவும் இருந்தது. யோவான் 9 கண்டிப்பது ஐயத்தையன்று. கருதலைக் காக்கக் காண்டலை மறுப்பதையும், தீர்ப்பை முற்படக் கூறிப் பின் விசாரிப்பதையும், வாதத்திற்கு விடையாகச் சாட்சியின் பிறப்பைப் பழித்து அவரை வெளியேற்றுவதையும் கண்டிக்கிறது. அதே நற்செய்தியில் தோமாவின் ஐயம் இடம்பெற்று ஏற்கப்படுவது இதற்கு உள்ளகச் சான்றாகும். தமிழ் மொழிபெயர்ப்புகளின் சொற்றேர்வு இவ்வேறுபாட்டைச் சில இடங்களில் மறைக்கவும் சில இடங்களில் விளக்கவும் செய்கிறது.

நலம்பெற்றேன் என்பவரை விசாரிப்பவரின் கடமை இரண்டு. எந்தச் சான்று தம்மை ஏற்கச் செய்யும் என்பதை அவர் முன்னரே கூறவேண்டும். விடை எதுவாயினும் சாட்சி கூறியவரைக் காக்கவேண்டும். இவ்விரண்டையும் நிறைவேற்றும் ஐயத்தைப் பரிசேயத்தனம் என்று பெயரிட்டு விலக்குவதற்கு யோவான் நற்செய்தியில் ஆதாரமில்லை. பிற நற்செய்திகளில் வரும் விசாரணைக் காட்சிகளையும், குறிப்பாக மாற்கு 3:22இல் வரும் பெயல்செபூல் குற்றச்சாட்டையும், இவ்வளவை நோக்கில் விரிவாக ஆராய்வதற்கு இடமுண்டு.